தில்லைவனமும் பிச்சாவரத்துக் கழிக்கானமும்

சைவ நன்மக்கள் 'கோயில்' என்று வாளா கூறிய அளவில் அவர்தம் உள்ளத்தே எழுவது தில்லைத் திருக்கோயிலே. அத்தலத்திற்கு வழங்கும் பெயர்கள் பல. புலிக்கால் முனிவர் பெரும்பற்றோடு வழிபட்டமையின் பெரும்பற்றப்புலியூர் எனப்பட்டது. இறைவன் திருநடம் புரியும் மன்றினால் சிற்றம்பலம் எனப்பட்டது. அறிவாகாயம் என்னும் பொருள்பற்றிச் சிதம்பரம் எனப்பட்டது. இவற்றுள் ஒன்று முனிவரால் வந்தது; ஒன்று மன்றால் வந்தது; ஒன்று தத்துவத்தால் வந்தது. தில்லை என்னும் பெயரோ ஒரு மரத்தால் வந்தது. கோயிலும் மாடவீதியும் திருமடங்களும் தோன்றுதற்கு முன்னே அந்நிலத்தில் நின்றது அம்மரமே என்பது தலவரலாறு.

மரத்தால் பெயர் பெற்ற சிவத்தலங்கள் தமிழகத்தே வேறும் உள. ஆலங்காடு, வேற்காடு, பாதிரிப்புலியூர், மதுரையாகிய கடம்பவனம் என்பன யாவரும் அறிந்தவை. தில்லையிற் காணும் வேற்றுமை யாதெனின், தில்லைவனம் எனப் பெயர் பூண்ட அந்நகரில் தில்லைக்காடு இன்று இல்லை. 'தில்லை, தில்லை' என்று நாடோறும் ஓதும் அடியாருள் அம்மரத்தைக் கண்ணாற் கண்டறியாதார் மிகப் பலர். எனினும் அம்மரம் அழிந்தொழியவில்லை. நகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவில், வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலொடு கலக்கும் இடைநிலத்தில், பிச்சாவரம் என்னும் ஊரையடுத்த உப்பங்கழிகளில் இன்றும் அது வளர்கின்றது. பெயர் ஓரிடத்தும் பொருள் ஓரிடத்துமாகப் பிரிந்து நிற்கும் இவ்வரலாறும், அப்பொருள் நின்ற காடும் நலிந்து பின் மீண்ட வரலாறும் சைவர் அறிதற்குரியன.

தில்லை மரம்

தில்லை உவர்நீர்ச் சேற்றுநிலத்து மரம். தாவர நூலார் இதனை எக்சிகேரியா அகல்லோக்கா என்று பெயரிட்டு, ஆமணக்கின் குடும்பத்துள் வைப்பர். இதன்கண் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. இலை உதிருமுன் செந்நிறம் எய்தும். பட்டையைக் கீறினும் இலையைக் கிள்ளினும் வெண்பால் ஒழுகும். அப்பால் தோலிற் பட்டால் கொப்புளம் எழும். கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும். ஆதலின் கழியிற் புகுவோர் இதனை அஞ்சி விலகிச் செல்வர். கனி கருதிப் பேணப்படும் மரமன்று இது. வைரம் பாய்ந்து வீடு கட்ட உதவும் மரமுமன்று. உலகத்தார் பயனிலதென்று ஒதுக்கும் நச்சுப்பால் மரம் செறிந்த கானத்தையே, நஞ்சுண்டு கண்டம் கறுத்த பெருமான் தன் ஆடரங்காகக் கொண்டான் என்று எண்ணுமிடத்து அடியார் உள்ளம் நெகிழும்.

பிச்சாவரத்தில் தில்லையோடு உடன் வாழ்வன கண்டல், சுரபுன்னை, கழிமுள்ளி, உமரி முதலியன. இவை ஒவ்வொன்றும் உவர்ச்சேற்றில் உயிர்வாழ்தற்கு ஒவ்வோர் அமைப்புப் பெற்றுள்ளன. சேற்றினுட் காற்றுப் புகாமையின், வெண்கண்டலின் வேர்கள் சேற்றைத் துளைத்துக் குச்சிகள்போல் மேல்நோக்கி நின்று மூச்சு வாங்குகின்றன. சுரபுன்னையின் வேர்கள் அடிமரத்தினின்று வளைந்திறங்கி, பல கால்களை ஊன்றினாற்போல் மரத்தைத் தாங்குகின்றன. சுரபுன்னையின் வித்து, தாய்மரத்தை விட்டு நீங்குமுன்னரே முளைத்து நீண்டு, பின்னரே சேற்றில் விழுந்து வேரூன்றும். வித்து, வேர் முதலியவற்றினின்று நிலத்தைப் பிளந்து தோன்றும் தாவரங்களை உற்பிச்சம் என்று நூலோர் வகுப்பர். தாயின்கண்ணேயே முளைத்து வளரும் சுரபுன்னையோ, கருப்பையிற் பிறக்கும் சராயுசத்தை நினைப்பூட்டுகின்றது. படைப்பின்கண் இறைவன் வைத்த வேறுபாடுகள் அளவிறந்தன என்பதற்கு இஃதொரு சான்று.

இக்காட்டில் அரிய மரமொன்றும் உண்டு. சுரபுன்னை இனத்துள் இருவகை தம்முட் கலந்து பிறந்த அம்மரத்தைக் கதிரேசன் என்னும் அறிஞர் பிச்சாவரத்திற் கண்டு, 1995ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். தில்லையின் கிழக்கே 1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் அது ரைசோபோரா அண்ணாமலயானா என்று வழங்குகின்றது. தில்லை மரம் ஊருக்குப் பெயர் தந்தது. அவ்வூர்ப் பல்கலைக்கழகம் மீண்டும் அக்கழியின் மரமொன்றிற்குப் பெயர் தந்தது.

கழியும் கடலும்

உவர்நீர் ஏறியிறங்கும் நிலத்தில் வளரும் மரம், கடலினின்று விலகி நிற்கும் ஓர் ஊருக்குப் பெயராயது எங்ஙனம் என்னும் வினா இங்கு எழும். ஆறுகள் கொணரும் வண்டல் ஆண்டுதோறும் படிய, கழிமுகத்து நிலம் வளர்ந்து கடல் கிழக்கே ஒதுங்குதல் ஆற்றுமுகங்களின் இயல்பு. ஒருகாலத்தே கழி இன்னும் மேற்கே ஊடுருவி நின்றது என்றும், அதன் கரையெங்கும் தில்லை செறிந்திருந்தது என்றும் கொள்ளின் வினா நீங்கும். ஊர்ப்பெயரே இதற்கு முதற்சான்று.

இரண்டாவது சான்று திருக்கழிப்பாலை. மூவர் பாடலும் பெற்ற இத்தலத்தின் பெயரிலேயே கழி அமைந்துள்ளது. இதன் பழைய திருக்கோயில் கொள்ளிடத்தின் வடகரையிற் காரைமேடு என்னுமிடத்தில் இருந்தது. கொள்ளிடப் பெருக்கு அக்கோயிலை அழித்துவிட, எம்பெருமான் திருமேனி தில்லைக்கு அணித்தேயுள்ள சிவபுரியில் எழுந்தருளுவிக்கப்பெற்றது. அச்சிவபுரியே திருநெல்வாயில் என்னும் மற்றொரு பாடல்பெற்ற தலம். ஒன்றன் பெயரில் நெல் நிற்கின்றது. மற்றொன்றன் பெயரிற் கழி நிற்கின்றது. நன்னீர் வயலும் உவர்நீர்க் கழியும் அடுத்தடுத்துக் கிடந்த நாட்டில் நாயன்மார் நடந்து பாடினர் என்பதை இவ்விரு பெயர்களும் காட்டுகின்றன. ஆறு நிலத்தை ஆக்குதலும் அழித்தலும் உடையது என்பதற்கும் கழிப்பாலையே சான்றாயிற்று.

மூன்றாவது சான்று கல்வெட்டு. முதற் குலோத்துங்கன், விக்கிரமசோழன் ஆகிய இருவர் காலத்தும் விளங்கிய மணவிற் கூத்தன் என்னும் காலிங்கராயன், நரலோகவீரன் என்னும் சிறப்புப்பெயர் பூண்டவன். அவன் தில்லையிற் செய்த திருப்பணிகளை வெண்பாக்களாகப் பொறித்த கல்வெட்டு அத்திருக்கோயிலில் உளது. மாசித் திருநாளிற் கடலாட எழுந்தருளும் பெருமான் வீற்றிருத்தற்கு மண்டபம் எடுத்ததும், அதற்குப் பெருவழி அமைத்ததும் அத்திருப்பணிகளுள் அடங்கும். இதனால் இரண்டு செய்திகள் பெறப்படும். கி.பி. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகருக்கும் கடலுக்கும் இடையே பெருவழி வேண்டுமளவு நிலம் விரிந்திருந்தது என்பது ஒன்று. கூத்தப்பெருமானது தில்லை மாடவீதிகளோடு முடியாது கடற்கரையளவும் சென்றது என்பது மற்றொன்று. ஊர் வளருந்தோறும் காடு கிழக்கே ஒதுங்கியது. ஆயினும் ஊரும் காடும் கடலும் ஒரே திருவிழாவிற் பிணைந்திருந்தன.

புலிக்கால் முனிவரும் முள்ளிச்செடியும்

தில்லையின் தொன்மை வரலாறு ஒரு காட்டினுள்ளேயே தொடங்குகின்றது. மத்தியந்தன முனிவரின் மைந்தர் தில்லைவனத்திற் புகுந்து திருமூலட்டானப் பெருமானைப் பூசிக்கலுற்றார். விடிந்தபின் பறிக்கும் மலர்கள் வண்டு மொய்த்தமையாற் பூசைக்கு ஆகா என்று வருந்தினார். இருளிற் பறிக்கலாமெனின், பனியால் மரங்கள் வழுக்கின, கண்ணும் புலனாகவில்லை. ஆதலின், வழுக்காது மரமேறுதற்குப் புலியின் கைகால்களையும், இருளிற் காண்டற்கு ஒளியுடைய கண்களையும் இறைவன்பால் வேண்டிப் பெற்றார். அதனால் வியாக்கிரபாதர் ஆயினார். காட்டைத் தம் வசதிக்கு ஏற்ப வெட்டித் திருத்த அவர் முயன்றிலர். காட்டிற்கு ஏற்பத் தம் உடம்பை மாற்றித் தர வேண்டினார். இக்கருத்து இவ்வரலாற்றை ஓதுவோர் உளங்கொளற்பாலது.

இதனினும் நுட்பமான வரலாறு சந்தான ஆசாரியர் நால்வருள் இறுதியில் நின்ற உமாபதி சிவாசாரியரைப் பற்றியது. கோயிற்புராணம் பாடித் தில்லைவனத்தின் வரலாற்றைத் தமிழுலகிற்கு நிலைநிறுத்தியவர் இவர். இவரது சங்கற்ப நிராகரணம் சகம் 1235இல், அஃதாவது கி.பி. 1313இல் எழுந்தது. இவர் தில்லைவாழந்தணரால் விலக்கப்பட்டு, நகருக்குக் கிழக்கே கொற்றவன்குடியில் மடம் அமைத்து வாழ்ந்தார். அம்மடத்திற்கு நாடோறும் விறகு கொணர்ந்து தந்தவன் பெற்றான் சாம்பான் என்னும் அன்பன். கூத்தப்பெருமான் அவன் கையில் ஒரு திருமுகம் தந்து, அவனுக்குத் தீக்கை செய்து முத்தி அளிக்குமாறு உமாபதி சிவத்தைப் பணித்தான் என்பதும், அவ்வாறே அவர் நயனதீக்கை செய்ய அவன் ஒளியாய்க் கரந்தான் என்பதும் வழிவழி வழங்கும் வரலாறு. அவன் மனைவி அரசன்பாற் சென்று முறையிட்டாள். அரசன் வந்து வினவ, உமாபதி சிவம் அயலில் நின்ற முள்ளிச்செடி ஒன்றைத் திருநோக்கஞ் செய்தார். அச்செடியும் அவ்வாறே ஒளியாய் மறைந்தது.

இவ்வரலாற்றை அற்புதமாக மட்டும் கேட்டு மகிழ்ந்து விடுதல் போதாது. நூலறிவுடைய மாணாக்கரும் வேந்தனும் சூழ நின்ற இடத்தில் ஆசாரியர் சான்றாகக் காட்டியது சேற்றுநிலத்தும் கரைகளிலும் கேட்பாரற்று வளரும் ஒரு முட்செடியை. தாவரமும் உயிர் என்பதும், அவ்வுயிரும் வினைக்கீடாக உடல் பெற்று நிற்பது என்பதும், அருட்பார்வை எய்துதற்குத் தடையில்லை என்பதும் சித்தாந்தத்தின் துணிபு. புல்லும் மரமும் ஊறுணர்வாகிய ஓரறிவுடையன என்று தொல்காப்பியமும் கூறும். எண்பத்துநான்கு நூறாயிரம் யோனிபேதங்களை எண்ணும் முறையில் தாவரங்களின் தொகையே மிக்கது. எனவே தில்லைவனம் என்பது உயிரில்லாத பின்னணியன்று. பிறவிப் பயணத்தில் நிற்கும் எண்ணிறந்த உயிர்களின் உறைவிடம்.

வெட்டுண்ட காடு

பெற்றான் சாம்பான் தலையிற் சுமந்த விறகால் தில்லைக் காட்டிற்குக் கேடொன்றும் நேர்ந்திலது. கேடு பிற்காலத்தே வேறு வகையில் வந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் பிச்சாவரத்துக் கழிக்காடு அரசின் கைப்பட்டுக் காப்புக்காடு ஆயிற்று. காப்பு என்பது பெயரளவில் நின்றது. காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொரு கூற்றையும் முற்ற வெட்டி விறகாக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டிற் பல்லாண்டுகள் நடைபெற்றது. வெட்டிய இடத்தில் மரம் தானே மீளத் தழைக்கும் என்பது அம்முறையை வகுத்தோர் எண்ணம்.

நிகழ்ந்தது வேறு. நிழலின்றி வெயிலுக்கு ஆளான களிமண் ஈரம் வற்றிச் சுருங்கியது. நிலம் தாழ்ந்து தொட்டிபோற் குழிந்தது. ஏற்றத்தில் உட்புகுந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கிற்று. தேங்கிய நீர் வெயிலிற் காய்ந்து உப்பை விட்டுச் சென்றது. ஆண்டுக்காண்டு உப்புச் செறிந்தமையின் உவர்நிலத்து மரமாகிய கண்டலும் அங்கே முளைக்கலாற்றாது போயிற்று. காடு நின்ற இடம் வெறுநிலமாயிற்று.

இதற்குத் துணைக்காரணமும் ஒன்றுண்டு. கழிக்காடு உவர்நீர் ஒன்றினால் மட்டும் வாழ்வதன்று. ஆற்றுநீர் வந்து உவர்ப்பைத் தணித்தல் அதற்கு இன்றியமையாதது. காவிரியில் மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பெற்ற பின்னர் கொள்ளிடத்தின் வழியே கடல்முகம் எய்தும் நன்னீர் குறைந்தது. வயல்களுக்குப் பாய்ந்த நீர் உழவர்க்கு வாழ்வளித்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அந்நீரின் ஒரு பங்கு கழிக்கும் உரியது என்பதை அக்காலத்தார் கணக்கிட்டிலர்.

காடு மீண்ட வகை

வெட்டுதல் நின்ற பின்னரும் வெறுநிலம் வெறுநிலமாகவே கிடந்தது. 1990களில் மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் தமிழ்நாட்டு வனத்துறையினரும் அக்கழியைச் சூழ்ந்த ஊர்மக்களும் கூடி அதனை ஆராய்ந்தனர். கேட்டின் வேர் மரம் இன்மையன்று, நீர் இயங்காமையே என்பது தெளிவாயிற்று. ஆகவே முதலிற் கன்று நடாது கால்வாய் வெட்டினர். நடுவே ஒரு பெருங்கால்வாயும், அதன் இருமருங்கும் மீனின் முள்போற் சாய்ந்து பிரியும் சிறுகால்வாய்களும் அமைத்தனர். ஏற்றத்தில் கடல்நீர் அவற்றின் வழியே உள்ளே பரந்தது. வற்றத்தில் தேங்காது வெளியேறியது. நாளடைவில் மண்ணின் உப்புத் தணிந்தது. அதன் பின்னரே வெண்கண்டற் கன்றுகளை நட்டனர். அவை வேரூன்றித் தழைத்தன. வெறுநிலம் மீண்டும் காடாயிற்று.

இம்முறையிற் சித்தாந்தம் பயின்றோர்க்கு ஒரு நுட்பம் புலப்படும். உயிர்க்கு அறிவு இயல்பாக உளது. மலத்தடை நீங்கியவிடத்து அருளால் அது விளங்கும். அதுபோல அந்நிலத்திற்குக் காடாகும் ஆற்றல் ஒழிந்துபோகவில்லை. தடை நீங்கி நீர் இயங்கியவிடத்து அது வெளிப்பட்டது.

மீண்ட காட்டின் பயன் விரைவிலே விளங்கிற்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை சோழநாட்டுக் கரையைத் தாக்கியது. கடலுக்கு நேரே வெளியில் நின்ற குப்பங்கள் பேரிழப்பு எய்தின. கழிக்காட்டின் பின்னே அமைந்த ஊர்களில் இழப்புக் குறைந்திருந்தது. ஊரின் உயரமும் கடலினின்று அதன் தொலைவும் இதற்கு உடன்காரணமாம். எனினும் வேர்களும் அடிமரங்களும் அலையின் விசையைத் தணித்தன என்பதை அவ்வூர் மக்கள் நேரிற் கண்டனர். 2022ஆம் ஆண்டில் பிச்சாவரத்துக் கழிக்காடு, 1971இல் ஈரான் நாட்டு இராம்சார் நகரிற் செய்யப்பெற்ற உடன்படிக்கையின்படி, உலகம் காத்தற்குரிய நீர்நிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பெற்றது. அங்ஙனம் குறிக்கப்பெற்ற பரப்பு ஏறக்குறைய 1,478 எக்டேர்.

ஓர் ஐயமும் விடையும்

இனி, தில்லை என்பது உள்ளக்கமலமாகிய ஞானவெளியே. அங்கு நிகழும் கூத்து ஐந்தொழில் நடனமே. அங்ஙனமாகச் சேற்றில் நிற்கும் மரத்தை ஆராய்தலால் அடியார்க்கு ஆவதென்னை என்று வினவுவாரும் உளர். உலகம் வெறுந்தோற்றம் என்று கூறும் கொள்கையினர்க்கு இவ்வினா இயல்பாகும். சைவசித்தாந்திக்கு ஆகாது. மாயை உள்பொருள் என்பதும், அம்மாயையினின்று தனு, கரண, புவன, போகங்களை இறைவன் உயிர்களின்பால் வைத்த கருணையினாற் படைத்தளிக்கின்றான் என்பதும் மெய்கண்டார் மரபு. புவனம் என்பது கண்முன் நிற்கும் இந்நிலமும் நீரும் காடுமேயன்றி வேறன்று. ஒவ்வொரு மரவுடம்பும் ஓருயிர்க்கு அவன் தந்த தனு. தந்தவனை வழிபட்டுத் தந்த பொருளைப் பாழ்செய்தல் வழிபாட்டிற்கு இழுக்காகும்.

மேலும், பெயர் நிற்கப் பொருள் அழியுமாயின் பெயரும் நாளடைவிற் பொருளற்ற ஒலியாய்த் தேயும். திருமுறைகளில் தில்லை என்று ஓதும் இடந்தோறும் ஒரு மரம் நிற்கின்றது. அம்மரம் இன்னதென்று மக்களுக்குக் காட்ட இயலாத காலம் ஒன்று வருமாயின், கூத்தன் காட்டைத் தேர்ந்து ஆடினான் என்னும் உண்மை கதையளவாய்ச் சுருங்கும். 20ஆம் நூற்றாண்டில் அக்காலம் மிக அணித்தாக வந்து, பலருடைய உழைப்பால் நீங்கிச் சென்றது. மறுபடியும் அது வாராது என்பதற்கு உறுதியில்லை. ஆற்றுநீர் குறைதலும், கடல்மட்டம் உயர்தலும், காண வருவோர் எறியும் குப்பையும் அக்கழியை நலிவிக்கும் ஆற்றல் உடையன.

ஆதலின், ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தில்லை செல்லும் அன்பர்கள், சிற்றம்பலம் தொழுதபின் ஒருபொழுது கிழக்கே சென்று பிச்சாவரத்துக் கழிக்கரையில் நிற்பாராக. செவ்விலை உதிர்த்து நிற்கும் தில்லை மரத்தை மக்களுக்குக் காட்டி, அதன் கிளையை ஒடியாது, அந்நீரிற் கழிவெதுவும் இடாது, திருவைந்தெழுத்தை ஓதி மீள்வாராக. மரத்தின் பெயரால் இறைவன் ஊரை அழைத்த முன்னோர்க்குப் பின்னோர் செலுத்தும் நன்றி அதுவாம்.

திருச்சிற்றம்பலம்.